டிஜிட்டல் கேரக்டர் செய்யப் படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினான்கு வருடமாகச் சென்னையில் கேரக்டர் ஆர்ட்டிஸ்டாக வேலை பார்க்கிறேன். அனிமேஷன் தொடர், மொபைல் கேம், சினிமா விஎஃப்எக்ஸ் (எடுத்த காட்சியில் கணினியால் உருவங்களைச் சேர்ப்பது) மூன்றிலும் இருந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சிலருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. உதாரணம் தேவைப்படும் இடத்தில் எல்லாம் என் அப்பத்தாவையே எடுத்துக்கொள்கிறேன். நான் முதன்முதலில் முழுசாக முடித்த கேரக்டர் அவர்தான். சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம், எண்பது வயது, காதில் தண்டட்டி, பின்கொசுவம் வைத்துக் கட்டிய கண்டாங்கிச் சேலை.

இந்தப் படிப்பில் உண்மையில் என்ன கற்றுக்கொள்கிறோம்?

கணினிக்குள் ஓர் ஆளை உருவாக்கக் கற்றுக்கொள்கிறோம். அது மனிதராக இருக்கலாம், யானையாக இருக்கலாம், எங்குமே இல்லாத பூதமாகவும் இருக்கலாம். முடித்த பிறகு அது நடக்க வேண்டும், பேச வேண்டும், எந்த வெளிச்சத்தில் நிறுத்தினாலும் நிற்க வேண்டும்.

முதல் வேலை ஸ்கல்ப்டிங். திரையில் இருக்கும் களிமண் உருண்டையை டிஜிட்டல் பேனாவால் அமுக்கி, இழுத்து, செதுக்கி உருவம் கொண்டுவருவது. இதில் வரிசை முக்கியம். அப்பத்தாவைச் செய்தபோது முதல் நான்கு நாள் முகத்தையே தொடவில்லை. கூன் எங்கே ஆரம்பிக்கிறது, அதை ஈடுகட்டக் கழுத்து எவ்வளவு முன்னால் நீள்கிறது, நிற்கும்போது எந்தக் காலில் பாரம் விழுகிறது என்பதை மட்டும் பார்த்தேன். தூரத்தில் நிழலுருவாகப் பார்த்தாலே இன்னார் என்று தெரிய வேண்டும். சுருக்கம், மச்சம், தோலின் நுண்துளை எல்லாம் கடைசி வாரம்தான். புதிதாக வருபவர்கள் முதல் நாளே சுருக்கம் போட உட்கார்ந்துவிடுவார்கள். மண்டையின் வடிவம் தப்பாக இருந்தால், மேலே எத்தனை கோடு போட்டாலும் வயதானவர் வரமாட்டார். கீறல் விழுந்த பொம்மைதான் வரும்.

ஸ்கல்ப்டிங் முடியும்போது உருவத்தில் பல லட்சம் பாலிகன் (மேற்பரப்பை ஆக்கும் குட்டிக் குட்டித் தட்டைத் துண்டுகள்) சேர்ந்திருக்கும், சில சமயம் கோடிக்கும் மேலே போகும். அதை அப்படியே அசைக்க முடியாது. அதன் மேல் நாற்கரங்களால் ஆன எளிய வலை ஒன்றைப் புதிதாகப் பின்ன வேண்டும். இதற்கு ரீடோப்பாலஜி என்று பெயர். கண்ணையும் வாயையும் சுற்றி வளையம் வளையமாக, தசை ஓடும் திசையிலேயே கோடுகள் ஓட வேண்டும். முழங்கை, முழங்கால் மடங்கும் இடத்தில் குறைந்தது மூன்று வரிசையாவது வேண்டும். அப்பத்தா வெற்றிலை மெல்லும்போது கன்னம் உள்ளே போய் வெளியே வரும். வாயைச் சுற்றிய வளையம் சரியில்லை என்றால் அந்தக் கன்னம் காகிதம் மாதிரி கசங்கும். ஏன் நாற்கரம்? 1978இல் எட்வின் கேட்மலும் ஜிம் கிளார்க்கும் வகுத்த முறையில்தான் இன்றும் வலையை மழமழப்பாக்குகிறோம். வலை நாற்கரமாக இருந்தால் அது சீராகப் பிரியும். இஷ்டத்துக்கு முக்கோணம் கலந்தால் தோலில் வேண்டாத மேடுபள்ளம் தெரியும்.

அப்புறம் யூவி. தைத்த சட்டையைத் தையல் பிரித்து மேசையில் விரித்தால் எப்படி இருக்கும், அப்படி உடலின் மேற்பரப்பைத் தட்டையாக விரிப்பது. விரித்ததன் மேல்தான் வண்ணம் தீட்ட முடியும். சினிமா வேலையில் ஒரே முகத்தைப் பல சதுரங்களாகப் பிரித்து அடுக்குவோம். 1001 என்ற எண்ணில் தொடங்கி வரிசைக்குப் பத்தாகப் போகும் இந்த அடுக்குக்கு யூடிம் என்று பெயர். தையலை எங்கே மறைப்பது என்பதில் ஒரு டெய்லரின் யோசனை வேண்டும்: காதுக்குப் பின்னால், அக்குளில், முடிக்கு அடியில்.

இதற்குப் பிறகு மேற்பரப்புக்கு வண்ணம் தீட்டும் டெக்ஸ்சர், தோல் வெளிச்சத்தை எப்படி வாங்கும் என்று சொல்லும் ஷேடர், முடி, துணி, எலும்புக்கூடு பொருத்தும் ரிக்கிங். எல்லாவற்றையும் ஒருவரே செய்வது படிக்கும் காலத்தில்தான். பெரிய ஸ்டூடியோவில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆள்.

அனிமேஷன், கேம், விஎஃப்எக்ஸ் மூன்றுக்கும் ஒரே படிப்பு போதுமா?

அடிப்படை ஒன்றுதான். முடிவு வேறு, அதனால் பழக்கமும் வேறு.

கேமில் கணினிக்கு நேரம் கிடையாது. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு படத்தை வரைய 16 மில்லி நொடி சொச்சம்தான் கிடைக்கும். அதற்குள் பாத்திரம், காடு, மழை எல்லாம் வந்தாக வேண்டும். அதனால் கேமுக்குச் செய்பவர் ஒவ்வொரு முக்கோணத்தையும் எண்ணிப் பழகியவராக இருப்பார். நுணுக்கமான ஸ்கல்ப்டிங்கை நார்மல் மேப் என்ற படமாக மாற்றி எளிய உருவத்தின் மேல் ஒட்டுவது, முடியைத் தட்டையான பட்டைகளாக அடுக்குவது எல்லாம் இங்கே தினசரி வேலை. தூரத்தில் போகும்போது மாற்றிவைக்க, குறைந்த பாலிகன் உள்ள நகல்களும் செய்து தர வேண்டும்.

விஎஃப்எக்ஸில் ஒரே ஃபிரேம் ரெண்டர் ஆக, அதாவது கணினி கணக்கிட்டு இறுதிப் படமாக வரைய, மணிக்கணக்கில் ஆகலாம், அது பரவாயில்லை. ஆனால் பக்கத்திலேயே கேமராவில் எடுத்த உண்மையான ஆள் நிற்பார். நம் ஆள் அவருக்கு ஈடு கொடுக்க வேண்டும். படப்பிடிப்பில் சாம்பல் நிறப் பந்து ஒன்றையும் பளபளக்கும் குரோம் பந்து ஒன்றையும் பிடித்துப் படம் எடுப்பார்கள். அன்றைய வெளிச்சம் எந்தப் பக்கம், எவ்வளவு என்று அதிலிருந்துதான் கணக்கிடுவோம்.

கார்ட்டூன் பாணி அனிமேஷன் எளிது என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அதுதான் கஷ்டம். நிஜ மூக்கை அளந்து வைத்துவிடலாம். நாலே வளைவில் ஒரு மூக்கைச் சொல்ல, எந்த நாலு என்று தெரிந்திருக்க வேண்டும். மூன்றில் எது என்று முதல் ஆறு மாதத்தில் முடிவு செய்ய வேண்டியதில்லை. வேலை தேடும்போது கட்டாயம் முடிவு செய்திருக்க வேண்டும்.

எனக்கு வரையத் தெரியாது. முடியுமா?

முடியும். காகிதத்தில் சுமாராக வரையும் நல்ல மாடலர்கள் பலரோடு வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் பார்க்கத் தெரிய வேண்டும், அதற்கு வரைந்து பழகுவதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. தினமும் இருபது நிமிடம், பஸ்ஸிலோ டீக்கடையிலோ இருப்பவர்களை இரண்டு நிமிடத்துக்கு ஒருவராக வரையுங்கள். படம் அழகாக வர வேண்டியதில்லை. தோள் சாய்ந்திருக்கும் கோணம் சரியாக வந்தால் போதும்.

அனாடமி எவ்வளவு படிக்க வேண்டும்?

நிறைய. ஆனால் மருத்துவ மாணவர் மாதிரி பெயர்களை மனப்பாடம் செய்வது நம் வேலைக்கு உதவாது. எந்த எலும்பு தோலுக்கு மிக அருகில் இருக்கிறது என்பதில் ஆரம்பியுங்கள்: நெற்றி, கன்ன எலும்பு, தாடை, காறை எலும்பு, முழங்கை, மணிக்கட்டு, முழங்காலின் முன்பக்கம். ஆள் குண்டானாலும் ஒல்லியானாலும் இவை பெரிதாக இடம் மாறாது. இந்தப் புள்ளிகளை முதலில் வைத்துவிட்டு நடுவில் தசையை நிரப்பினால் உருவம் நிற்கும்.

அளவு விஷயத்தில் நமக்கு ஒரு சொத்து இருக்கிறது. ஓவியப் பாடங்களில் சராசரி மனிதர் ஏழரைத் தலை உயரம் என்று சொல்வார்கள். நம் சிற்ப மரபில் கணக்கு தாளம். முகத்தின் நீளம் ஒரு தாளம், அது பன்னிரண்டு அங்குலம். இங்கே அங்குலம் என்பது அந்தச் சிலைக்கே உரிய அளவு, ஸ்கேலில் இருக்கும் இஞ்ச் கிடையாது. நவதாளம் என்றால் 108 அங்குலம்; உத்தம தசதாளம் என்றால் 124. சுவாமிமலையில் ஸ்தபதிகள் மெழுகில் உருவம் பிடிப்பதற்கு முன்னால், சிலை உயரத்துக்கு ஒரு தென்னை ஓலையைக் கிழித்து, அதைக் கணக்காக மடித்து மடித்து அளவுக் குறி வைத்துக்கொள்வார்கள். அந்த ஓலையை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மூக்கு, மார்பு, தொப்புள், முழங்கால் எல்லாம் அந்த மடிப்புகளில் இருந்தன. நான் கணினியில் கேரக்டருக்குப் பக்கத்தில் வைக்கும் அளவுகோலும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஊர் திரும்பியதும் என் மாணவர்களுக்கு முதல் பாடத்தையே மாற்றிவிட்டேன். இப்போது எல்லோரும் முதலில் ஒரு காகிதப் பட்டையை மடித்துத் தங்கள் உடலையே அளக்கிறார்கள்.

சென்னையில் இருந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்துக்குப் போங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் இருந்தால் அரண்மனைக் கலைக்கூடம். முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். பக்கவாட்டில் நின்று இடுப்பு எப்படித் திரும்புகிறது, எடை எந்தக் காலுக்கு இறங்குகிறது என்று பாருங்கள். கையில் கொஞ்சம் களிமண் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு காதை மண்ணில் செய்து பாருங்கள். காது ஒரே தகடு கிடையாது, ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு போகும் இரண்டு மூன்று மடிப்புகள். மண்ணில் புரிந்த பிறகு திரையில் அரை மணி நேரத்தில் வந்துவிடும்.

எந்த மென்பொருளில் ஆரம்பிப்பது?

பிளெண்டர். இலவசம், ஸ்கல்ப்டிங் முதல் ரெண்டர் வரை எல்லாம் உள்ளேயே இருக்கிறது. அதை உருவாக்கிய கம்பெனி மூடப்பட்ட பிறகு, 2002இல் பயனாளர்களிடம் ஒரு லட்சம் யூரோ திரட்டி எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்வியா நாட்டுப் படம் ‘ஃப்ளோ’ பிளெண்டரில் செய்ததுதான். அதனால் ‘இலவச மென்பொருள், விளையாட்டுக்குத்தான்’ என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ள வேண்டாம்.

ஸ்டூடியோக்களில் ஸ்கல்ப்டிங்குக்கு ஸீபிரஷ், ரிக்கிங்குக்கும் அனிமேஷனுக்கும் மாயா, வண்ணத்துக்கு சப்ஸ்டன்ஸ் பெயின்டர் அல்லது மாரி, துணிக்கு மார்வெலஸ் டிசைனர், கேமுக்கு அன்ரியல் அல்லது யூனிட்டி என்று பார்ப்பீர்கள். மாயாவை மாணவர்கள் இலவசமாகப் பயன்படுத்த ஆட்டோடெஸ்க் அனுமதிக்கிறது; படிக்கும் சான்று காட்டினால் போதும். பிளெண்டரில் ஒரு கேரக்டரை முடித்தவருக்கு ஸீபிரஷ் பழக இரண்டு மாதம் ஆகும். பழகாமல் பட்டனின் இடத்தை மட்டும் தெரிந்துவைத்தவருக்கு எத்தனை மென்பொருள் தெரிந்தும் பயன் இல்லை.

திருட்டு நகல் வேண்டாம். இலவச வழி இவ்வளவு இருக்கும்போது தேவையே இல்லை, வைரஸ் வந்து ஒரு மாத வேலை போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என்ன கணினி வேண்டும்?

ரேம் 32 ஜிபி, தனி கிராஃபிக்ஸ் கார்டு, அதில் 8 ஜிபி இருந்தால் படிப்பு முழுக்கத் தாங்கும். 16 ஜிபி ரேமிலும் ஆரம்பிக்கலாம். பட்ஜெட் இடித்தால் லேப்டாப்பை விட்டு டெஸ்க்டாப் வாங்குங்கள். அதே காசுக்கு வேகம் அதிகம், பின்னால் பாகம் மாற்றலாம். திரை இல்லாத சாதாரண பென் டேப்லெட் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். அது கட்டாயம். மவுசில் ஸ்கல்ப்டிங் செய்தால் மணிக்கட்டுதான் போகும்.

எங்கே படிப்பது? டிப்ளமாவா, டிகிரியா, வீட்டிலேயேவா?

அரசு வழியில் தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன் மற்றும் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு நான்கு வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (என்ஐடி) அனிமேஷன், அதன் பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைன், மும்பை ஐஐடியின் வடிவமைப்புப் பள்ளியான ஐடிசியில் அனிமேஷன் முதுநிலை. இவற்றுக்கு டேட் (DAT), சீட் (CEED) போன்ற நுழைவுத் தேர்வுகள் உண்டு. இவை எதுவும் கேரக்டர் மாடலிங்குக்கு மட்டுமான படிப்பு கிடையாது. கதை, வடிவம், சிந்தனை எல்லாம் கிடைக்கும். கைப்பழக்கத்தை நீங்கள்தான் தனியாக வளர்த்துக்கொள்ள வேண்டும். பலரும் யோசிக்காத இன்னொரு வழியையும் சொல்கிறேன்: சென்னை அல்லது கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் சிற்பம் படித்துவிட்டு, மென்பொருளைத் தனியாகக் கற்பது. என்னோடு வேலை பார்த்தவர்களில் முகத்தை மிக நன்றாகச் செய்தவர் அப்படி வந்தவர்தான்.

தனியார் பயிற்சி நிலையங்களைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் போவது இங்கேதான். நல்ல இடங்களும் உண்டு. ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு பையன், அப்பா ஆட்டோ ஓட்டுபவர், ஒரு நிலையத்தில் கடன் வாங்கிச் சேர்ந்தான். ‘நூறு சதவீத வேலை உறுதி’ என்று எழுதித் தந்திருந்தார்கள். ஒரு வருடத்தில் பதினோரு மென்பொருள் ‘முடித்தார்கள்’. கடைசியில் அவன் கையில் ஒரு கிண்ணம், ஒரு நாற்காலி, பாதியில் நின்ற ஒரு ரோபோ மட்டும்தான் இருந்தன. சொன்ன வேலையோ ஒரு கால் சென்டரில். அவனுக்குத் திறமை இருந்தது. ஒரு வேலையை முடிக்க விடவே இல்லை. இன்றைக்கும் நினைத்தால் மனசு கொதிக்கிறது.

அதனால் சேரும் முன் இதைச் செய்யுங்கள். கடந்த வருடம் முடித்த மாணவர்களின் வேலைகளைக் காட்டச் சொல்லுங்கள். விளம்பரப் பலகையில் இருக்கும் ஒருவருடையதை மட்டும் பார்த்தால் போதாது, அந்த பேட்சில் ஐந்து பேருடையதைப் பாருங்கள். சொல்லிக்கொடுப்பவர் கடைசியாக எப்போது ஸ்டூடியோவில் வேலை பார்த்தார் என்று கேளுங்கள். மாணவர் செய்ததை ஆசிரியர் உட்கார்ந்து திருத்துவது வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டியது அந்தத் திருத்தத்தைத்தான். பட்டன் எங்கே இருக்கிறது என்று சொல்ல இணையத்தில் ஆயிரம் வீடியோ இருக்கிறது. மொத்தக் கட்டணத்தையும் முதல் நாளே கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிளஸ் டூவில் எந்த குரூப் எடுக்க வேண்டும்?

எதுவானாலும் சரி. ரிக்கிங் பக்கம் போகும் ஆசை இருந்தால் கணக்கும் கொஞ்சம் பைதான் நிரல்மொழியும் கைகொடுக்கும்.

நான் செய்யும் முகங்கள் எல்லாம் மெழுகு பொம்மை மாதிரி இருக்கின்றன. ஏன்?

இது எல்லோருக்கும் வரும் கட்டம். மனிதனைக் கிட்டத்தட்ட ஒத்திருக்கிற, ஆனால் முழுசாக ஒத்துப்போகாத உருவத்தைப் பார்த்தால் நமக்குள் ஒருவித அருவருப்பு வரும் என்று 1970இலேயே ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி எழுதினார். அந்த இடத்தை அவர் ஒரு பள்ளம் என்றார். நம் வேலையின் பெரும்பகுதி அந்தப் பள்ளத்தைத் தாண்டுவதுதான். ரசிகர்களுக்கு நன்றாகத் தெரிந்த முகமாக இருந்தால் பள்ளம் இன்னும் ஆழம். 2014இல் நடிகரின் அசைவையும் முகபாவத்தையும் பதிவு செய்து உருவத்துக்குக் கொடுக்கும் பெர்ஃபார்மன்ஸ் கேப்சர் முறையில் முழு நீளமாக எடுத்த ‘கோச்சடையான்’ அந்தச் சவாலைத்தான் எடுத்துக்கொண்டது. ரஜினியின் முகத்தில் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் தமிழ்நாட்டில் கண்டுபிடிக்காதவர் யார்?

காரணங்களில் முதலாவது தோல். வெளிச்சம் தோலின் மேல் பட்டுத் திரும்புவதோடு நிற்பதில்லை. கொஞ்சம் உள்ளே புகுந்து, சிதறி, பக்கத்தில் வெளியே வரும். வெயிலுக்கு எதிரே நிற்பவரின் காது சிவப்பாகத் தெரிவது இதனால்தான். இதைக் கணினியில் நடைமுறையில் கணக்கிடும் வழியை 2001இல் ஹென்ரிக் யென்சனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டார்கள். அடுத்த வருடமே ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ இரண்டாம் படத்தில் வந்த கோலம் (Gollum) என்ற கணினிப் பாத்திரத்தின் தோல் உயிரோடு தெரிந்ததற்கு இந்த வகைக் கணக்கும் ஒரு காரணம்.

அடுத்தது எனக்கு மிக முக்கியமான விஷயம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தோல் படங்களும் ஸ்கேன்களும் பெரும்பாலும் வெள்ளைத் தோல். நம்மூர் மாணவர்கள் அதை எடுத்து நிறத்தை மட்டும் இருட்டாக்குகிறார்கள். சாயம் பூசிய மாதிரி வரும். அப்பத்தாவின் கையை எடுத்துக்கொள்ளுங்கள். புறங்கை கருமை, உள்ளங்கை வெளிர், விரல் மூட்டுகள் இன்னும் கருமை. கண்ணைச் சுற்றியும் உதட்டு ஓரத்திலும் ஒரு நீலக்கருமை. நெற்றியில் வெளிச்சம் படும்போது பளபளப்பு தெளிவாகத் தெரியும், ஏனென்றால் அடிநிறம் கருப்பு. அதனால் கருந்தோலுக்குப் பளபளப்பைக் காட்டும் ரஃப்னஸ் மேப்பைத்தான் அதிக நேரம் உட்கார்ந்து தீட்ட வேண்டும். நம் முகங்களை நாமே சரியாகச் செய்யாவிட்டால் வேறு யாரும் செய்து தரப்போவதில்லை. என் வகுப்பில் அதனால்தான் முதல் வருடம் இணையத் தோலுக்கு இடமில்லை. வீட்டில் இருப்பவர்களைப் போட்டோ எடுத்துத்தான் தீட்ட வேண்டும்.

மற்றவை சின்னவை. கண்ணிமைக்கும் விழிக்கும் நடுவே மெல்லிய ஈரக்கோடு இருக்கிறதா? விழியின் வெள்ளை, சுத்த வெள்ளையாக இருக்கிறதா? அப்படி யாருக்கும் இருக்காது. முகத்தின் இரண்டு பக்கமும் ஒரே அச்சாக இருந்தால் கடைசியில் அதைக் கலைத்துவிடுங்கள்.

மாடலிங் மட்டும் தெரிந்தால் போதாதா? ரிக்கிங் எதற்கு?

அப்பத்தாவின் காதில் இதை நான் கற்றுக்கொண்டேன். தண்டட்டி மேலே தங்கத் தகடு, உள்ளே அரக்கு. பல வருடப் பாரத்தில் காது மடல் தோள் பக்கம் இறங்கியிருக்கும். நான் காதையும் நகையையும் சேர்த்து ஒரே துண்டாகச் செய்துவிட்டேன். நின்ற நிலையில் அருமையாக இருந்தது. ரிக்கிங் நண்பர் தலையைத் திருப்பினார். காதும் தண்டட்டியும் கல்லில் செதுக்கிய மாதிரி தலையோடு திரும்பின. நிஜத்தில் தலை முதலில் திரும்பும், மடல் கொஞ்சம் பின்தங்கும், நகை ஒரு தரம் ஆடி நிற்கும். மடலுக்கு நீளவாக்கில் வளையங்கள் சேர்த்து, நகையைத் தனியாகப் பிரித்து, உள்ளே மூன்று எலும்பு வைத்து மறுபடி செய்தோம். இரண்டு வாரம் கூடுதலாக ஆனது. ரிக்கர் என்ன எதிர்பார்ப்பார் என்று தெரிந்திருந்தால் அந்த இரண்டு வாரம் மிச்சம்.

முகத்துக்கு, 1978இல் பால் எக்மனும் வாலஸ் ஃபிரீசனும் வெளியிட்ட முகத்தசைக் குறியீட்டு முறையைக் கட்டாயம் படியுங்கள். ஒவ்வொரு அசைவுக்கும் ஓர் எண் கொடுத்திருப்பார்கள். உதட்டோரம் மேலே போவது 12, கன்னம் ஏறிக் கண்ணோரம் சுருங்குவது 6. 12 மட்டும் இருந்தால் போட்டோவுக்கு வைத்த சிரிப்பு. 6 சேர்ந்தால்தான் மனசாரச் சிரிக்கிற மாதிரி இருக்கும். ஐபோன் முகத்தைப் பிடிக்க ஆப்பிள் தரும் 52 பிளெண்ட்ஷேப்களும் (முகத்தின் ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு வடிவம்) இதே வழியில் யோசித்தவைதான்.

புடவை, வேட்டி எல்லாம் எப்படிச் செய்வது? வீடியோ பாடங்களில் ஜீன்ஸும் ஜாக்கெட்டும்தான் வருகின்றன.

முதலில் நிஜத்தில் கட்டிப் பழகுங்கள், ஆணாக இருந்தாலும். புடவை ஐந்தரை மீட்டர் தைக்காத துணி. அதை உடலோடு ஒட்டிய பாவாடையாகச் செதுக்கினால் நடக்கும்போது உடனே காட்டிக்கொடுத்துவிடும். துணி மென்பொருளில் நீளமான செவ்வகமாக விட்டு, சுற்று சுற்றாக உடலில் சுற்றி, கொசுவத்தை மடித்து, இடுப்பில் பின் குத்தி நிறுத்திவிட்டு, அப்புறம் விழவிட வேண்டும். பட்டு விறைப்பாக நிற்கும், பழைய பருத்தி தொங்கும். அந்தத் தன்மையை எண்ணில் கொடுக்க வேண்டும். கரையைத் துணியின் யூவியிலேயே நேர்கோடாக வைத்துவிட்டால் மடிப்புக்கு ஏற்ப அதுவே வளைந்துகொள்ளும்.

எத்தனை காலம் ஆகும்?

தினமும் நாலு மணி நேரம் உட்கார்ந்தால், ஒரு வருடத்தில் முடித்துக் காட்டும்படி ஒரு கேரக்டர் வரும். வேலை கேட்கும் தரத்துக்கு இரண்டு, இரண்டரை வருடம். ஆறு மாதத்தில் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

ஷோரீலில் (வேலை கேட்கும்போது காட்டும் வீடியோத் தொகுப்பு) என்ன இருக்க வேண்டும்?

ஒன்றரை நிமிடத்துக்குள் இருக்கட்டும். சிறந்தது முதலில். முடித்த கேரக்டர் இரண்டு போதும். பத்து அரைகுறை வேண்டாம், பார்ப்பவர் உங்களுடைய மோசமான வேலையை வைத்துத்தான் எடை போடுவார். உருவம் ஒரு சுற்று சுற்றட்டும், பிறகு அதே கோணத்தில் வலையைக் காட்டுங்கள், யூவியை ஒரு கணம் காட்டுங்கள். இசையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்போம். வேறொருவரின் ஓவியத்தை வைத்துச் செய்திருந்தால் அவர் பெயரைப் போடுங்கள். குழுவாகச் செய்ததில் உங்கள் பங்கு எது என்று எழுதுங்கள். இந்தத் துறை சின்னது, உரியவருக்குத் தெரியாமல் போகாது.

வேலை கிடைக்குமா? நிலையாக இருக்குமா?

கேரக்டர் வேலை இருக்கிறது, ஆனால் இடங்கள் குறைவு. வெளிநாட்டுப் படங்களுக்காக இந்தியாவுக்கு அதிகம் வருவது ரோட்டோ (காட்சியில் உள்ள ஆளை ஓரம் வரைந்து பிரிப்பது), பெயின்ட் (வேண்டாததை அழிப்பது), மேட்ச்மூவ் (கேமராவின் அசைவைக் கணினியில் கொண்டுவருவது) வேலைகள். ஒரு படத்தில் ரோட்டோ செய்ய நூறு பேர் தேவைப்பட்டால் கேரக்டருக்கு ஐந்தாறு பேர் போதும். பலர் அந்த வாசல் வழியாக உள்ளே போய், இரவில் தங்கள் கேரக்டரைச் செய்து, இரண்டு வருடத்தில் மாறுகிறார்கள். நானும் அப்படித்தான் மாறினேன். கேம் பக்கம் போக நினைத்தால் பெங்களூரு, ஹைதராபாத், புனே ஊர்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பச் சம்பளம் குறைவு. ஐடியில் சேர்ந்த நண்பரோடு ஒப்பிட்டால் முதல் மூன்று வருடம் வருத்தமாகத்தான் இருக்கும்.

நிலையா என்றால், ஆளின் திறமையை நம்பலாம், கம்பெனியை நம்ப முடியாது. ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் புலியைச் செய்த ரிதம் அண்ட் ஹ்யூஸ், அந்தப் படத்துக்கு 2013இல் விஎஃப்எக்ஸ் ஆஸ்கர் வாங்கும் வாரங்களிலேயே திவாலானது. 2025 பிப்ரவரியில் பல விஎஃப்எக்ஸ் ஸ்டூடியோக்களை வைத்திருந்த டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரில் வேலை பார்த்த பல நண்பர்கள் ஒரே வாரத்தில் வீட்டுக்கு வந்தார்கள். அதனால் ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கிவைப்பதையும், உங்கள் ஷோரீலை எப்போதும் புதுப்பித்து வைப்பதையும் படிப்பின் பகுதியாகவே நினையுங்கள்.

ஏஐ வந்துவிட்டதே, இனி இது எதற்கு?

பயம் நியாயம்தான். 2021இல் மெட்டாஹியூமன் என்ற கருவி வந்தபோதே, சாதாரண மனித முகத்தை நிமிடங்களில் உருவாக்க முடிந்தது. இப்போது ஒரு வாக்கியத்தில் உருவம் தரும் கருவிகளும் இருக்கின்றன. கூட்டத்தில் நிற்கும் ஆட்கள், பின்னணிப் பாத்திரங்கள் போன்ற வேலைகள் குறையும் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தக் கருவிகளிடமிருந்து வந்து நான் திருத்திய உருவங்களில் வலை அலங்கோலமாக இருந்தது. கண்ணைச் சுற்றி வளையம் இல்லை, விரல்கள் ஒட்டியிருந்தன. எது தப்பு, எங்கே திருத்த வேண்டும் என்று சொல்ல அனாடமியும் டோப்பாலஜியும் தெரிந்த ஆள் வேண்டும். பின்கொசுவம் வைத்த பாட்டியைக் கேட்டுப் பார்த்தேன். கொசுவம் முன்பக்கமே வந்தது.

முதல் கேரக்டராக யாரைச் செய்வது?

எதிரே உட்காரவைத்துப் பார்க்க முடிகிற ஒருவரை. சூப்பர் ஹீரோவும் டிராகனும் இரண்டாவது வருடம். வீட்டில் வயதானவர் இருந்தால் அவரையே செய்யுங்கள். எலும்பு தெளிவாகத் தெரியும்.

எதற்காக எடுக்கிறீர்கள் என்று சொல்லி, அவர் சம்மதித்த பிறகு எடுங்கள். காலை எட்டு மணி வாக்கில், வெயில் நேராக விழாத திண்ணையிலோ மொட்டை மாடி நிழலிலோ உட்காரவையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். போனை முகத்துக்கு அருகில் கொண்டுபோனால் மூக்கு பெரிதாகி, காது பின்னால் போய்விடும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். கேமரா அவருடைய கண் உயரத்தில் இருக்கட்டும். நேரே ஒன்று, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வந்து மொத்தம் எட்டு. தாடைக்குக் கீழிருந்து ஒன்று, தலைக்கு மேலிருந்து ஒன்று. கைகளைத் தனியாக, இரண்டு பக்கமும். ஒரு படத்தில் கன்னத்தின் அருகே பத்து ரூபாய் நாணயத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர், மற்ற அளவுகளை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கடைசியாக அவரைப் பேசவிட்டு ஐந்து நிமிட வீடியோ எடுங்கள். சிறு வயதில் அவர் பார்த்த திருவிழாவைப் பற்றிக் கேளுங்கள். என் அப்பத்தா அந்தக் கேள்விக்கு மாடு பிடித்த கதையைச் சொல்லிக்கொண்டே தண்டட்டி ஆட ஆடச் சிரித்தார். கண்ணோரச் சுருக்கம் எங்கே முடிய வேண்டும் என்பதை அந்த வீடியோவில்தான் பார்த்துச் செய்தேன்.